வெறும் குழி மினுங்கிய வாரம்

எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் சாமி படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. பாத்திரம் கழுவுகிற அறையில், குழாய்க்கு மேலே, தண்ணீர் தெறிக்காத உயரத்தில் நான் மாட்டிவைத்த முருகன். காலையில் திருப்பரங்குன்றத்தில் பஸ் ஏறும்போது மலையைப் பார்த்து ஒரு கும்பிடு. காளவாசலில் இறங்கி அடுத்த பஸ் பிடித்து வேலைக்குப் போனதும் அந்தப் படத்துக்கு ஒரு கும்பிடு. அதற்குப் பிறகுதான் என் கை தண்ணீரில் படும்.

அங்கே நோய்களைப் பற்றி ஆராய்கிறார்கள். கண்ணாடிக் குடுவைகளையும் குழாய்களையும் கழுவி, நீராவியில் வேகவைத்து, உலர்த்தி அடுக்குவது என் வேலை. நான் எட்டாவதோடு நின்றவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். நானும் கல்யாணம் ஆகிற வரைக்கும் களை பறித்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அலமாரியில் வரிசையாக நின்ற பாட்டில்களைப் பார்த்ததும், ஆஸ்பத்திரி மாதிரி ஓர் இடம், பாட்டிலில் இருப்பது மருந்து என்றுதான் நினைத்துக்கொண்டேன். அந்தக் கூடத்துக்குத் தலைவியான டாக்டரம்மாவிடம் ஒரு நாள், முழங்கால் வலிக்கு இதில் ஒரு சொட்டு கிடைக்குமா என்று கேட்டும்விட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"ஏம்மா, இதுல எதுவும் மருந்தில்ல. குடிச்சா முழங்கால் வலியோட சேத்து மத்த எல்லாமும் போயிரும். இது எங்களுக்கு ஆயுதம். தச்சருக்கு உளி இருக்குல்ல, அது மாதிரி."

உளியை எப்படிப் பாட்டிலில் ஊற்றிவைக்க முடியும் என்று எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமைசாலி. இன்னொரு நாள் டீ குடிக்கிற நேரத்தில் விளக்கினார். கல்யாணப் பந்தியில் தண்ணீர் ஊற்றுகிற ஆள் என்ன வேலை செய்கிறான் என்று யாரும் கவனிக்க மாட்டோம். அவனைக் கொஞ்ச நேரம் வெளியே அனுப்பிப் பாரு, யார் யாருக்கு விக்குதுன்னு தெரிஞ்சிரும் என்றார். உடம்புக்குள்ளேயும் அப்படிக் கோடி வேலைக்காரர்கள் இருக்கிறார்களாம். அதில் ஒரே ஓர் ஆளை மட்டும் கைகட்டி உட்காரவைக்கிற பொருள் ஒரு பாட்டிலில். ஒருவனை மட்டும் விரட்டி வேலை வாங்குகிற பொருள் இன்னொரு பாட்டிலில். எலிக்குச் சர்க்கரை நோயை வரவைக்கிற பொருளும் உண்டு. நோயை வரவைத்துத்தான் அதைப் போக்குகிற வழியைத் தேட வேண்டியிருக்கிறது என்று கேட்டபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. அன்றிலிருந்து எலிக்கூண்டு அறையைத் தாண்டும்போது உள்ளுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்வேன். பிள்ளையாருக்கு வாகனமாக இருந்த சாதி, மனிதனுக்காகவும் சுமக்கிறது.

நான் சொல்ல வந்தது எலியைப் பற்றி இல்லை. வெளிச்சம் காட்டுகிற, மஞ்சள் நிறத்தில் இருக்கிற ஒரு பொடியைப் பற்றி.

எங்கள் கூடத்தில் ஒரு பெண் பிள்ளை டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தது. கீழக்குயில்குடிக்காரப் பிள்ளை. அப்பா கத்தரியும் வெண்டையும் போடுகிற விவசாயி. நான் 'பாப்பா' என்று கூப்பிடுவேன், அது என்னை அக்கா என்று கூப்பிடும். அது எடுத்துக்கொண்டது மறதி நோய். மூளைக்குள் ஒரு புரதம் தனித்தனியாகக் கிடக்க வேண்டியது, கஞ்சியில் கட்டி விழுவது போலத் திரண்டுபோகிறதாம். அந்தக் கட்டி விழாமல் தடுக்க என்ன வழி என்று பாப்பா தேடியது. எனக்கு அதில் ஒரு தனி அக்கறை. எங்கள் தெருவில் ரிட்டையரான பஸ் கண்டக்டர் ஒருவர் இருக்கிறார். அந்த நோய் வந்து, இப்போது கோயில் வரிசையில் நிற்கிறவர்களிடம் போய்ப் படியில் நிற்காதீர்கள், உள்ளே போங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். எல்லோரும் சிரித்துக்கொண்டே உள்ளே நகர்வோம். அவர் வீட்டம்மா மட்டும் சிரிக்க மாட்டார்.

கண்ணுக்குத் தெரியாத அந்தக் கட்டியை எப்படிப் பார்ப்பது? அதற்குத்தான் அந்த மஞ்சள் நிறப் பொடி. அதைக் கரைத்து ஊற்றினால், கட்டி விழுந்த இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு பச்சையாக மினுங்கும். கட்டி இல்லையென்றால் சும்மா கிடக்கும். குழிப்பணியாரச் சட்டியைச் சின்னதாக்கி, குழிகளை நெருக்கமாக வைத்தது போல ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கிறது. பாப்பா அதில் குழி குழியாக ஊற்றி ஒரு மிஷினுக்குள் தள்ளும். எந்தக் குழி எவ்வளவு மினுங்குகிறது என்று மிஷின் சொல்லிவிடும்.

அதில் ஒரு முறை வைத்திருந்தார்கள். ஒரு வரிசையில் மட்டும் புரதத்தையே போட மாட்டார்கள். தண்ணீரும் அந்தப் பொடிக் கரைசலும் மட்டும். அதற்கு வெறும் குழி என்று பெயர். அங்கே எதுவும் மினுங்கக் கூடாது. வெறும் குழி இருட்டாக இருந்தால்தான் மற்ற குழிகளில் தெரிகிற வெளிச்சத்தை நம்பலாம். "வெறும் குழி பொய் சொல்லக் கூடாது" என்பார் டாக்டரம்மா. நான் வீட்டில் உப்புப் போடாத ஒரு கரண்டிக் குழம்பைத் தனியாக எடுத்துவைத்து ருசி பார்க்க முடியுமா என்று யோசித்திருக்கிறேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர், முதலில் உப்புப் போட்ட குழம்பை ஒழுங்காகக் கொண்டா என்று சொல்லிவிட்டார்.

போன புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் கூடத்தில் அதை விடுவதில்லை. ஆனால் டாக்டரம்மா கறாராக ஒரு கட்டளை போட்டிருந்தார். சந்தனம், குங்குமம், ஊதுபத்தி எதுவும் உள் அறைக்குள் வரக் கூடாது. கதவு நிலையோடு நிற்க வேண்டும். யாருக்கு எந்தக் கருவி முக்கியமோ அதில் ஒன்றை வெளியே கொண்டுவந்து, வெள்ளைத் தாள் விரித்த தட்டில் வைத்துக்கொள்ளலாம். பூ மட்டும் சாத்தலாம், பொட்டு வைக்கக் கூடாது. நாங்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டோம். சாமிக்கு மனசுதானே கணக்கு.

நான் குளித்து முழுகி வந்து மஞ்சள் பிள்ளையார் பிடித்தேன். கெட்டியாகப் பிசைந்து, அருகம்புல் செருகி, தட்டுக்கு முன்னால் வெற்றிலையில் உட்காரவைத்தேன். பொரி, கடலை, சுண்டல், அவல் எல்லாம் இருந்தது. என் பங்குக்குப் பாட்டில் கழுவுகிற நீளப் பிரஷ்ஷை வைத்தேன். பாப்பா தன் பிப்பெட்டைக் கொண்டுவந்து வைத்தது. பிப்பெட் என்பது பெருவிரலால் அழுத்தினால் துளி துளியாக உறிஞ்சி ஊற்றுகிற கைக்கருவி. நுனியில் பிளாஸ்டிக் முனை ஒன்றை மாட்டி ஊற்றிவிட்டு, முனையைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். ஒரு வருஷமாக அந்தப் பிள்ளை கையில் அதுதான் இருந்தது. மஞ்சள் நிறப் பொடிப் பாட்டிலையும் வைக்கலாமா என்று அது டாக்டரம்மாவிடம் கேட்டது. அது வெளிச்சமே படக் கூடாது என்று ஃபாயில் தாள் சுற்றி ஃபிரிட்ஜில் இருக்கிற சரக்கு. பாட்டில் வந்த அட்டைப்பெட்டி இருக்கிறதே, அதை வைத்துக்கொள் என்றார் அவர். அதனால் அன்றைக்கு எங்கள் சரஸ்வதிக்கு முன்னால் ஒரு காலி அட்டைப்பெட்டியும் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

கூடத்தில் சாமி இல்லை என்று சொல்கிற ஒரு சார் இருக்கிறார். மிஷின்களைப் பார்த்துக்கொள்கிற மூத்தவர். கோட்டுக்குள்ளே எப்போதும் கறுப்புச் சட்டைதான். அன்றைக்கும் கைகட்டிக்கொண்டு தள்ளி நின்றார்.

"அக்கா, உங்க பிள்ளையார் மிஷினு ரிப்பேர் பாப்பாரா? பாத்தா நான் வீட்டுக்குப் போறேன்" என்றார்.

"அவரு பாக்க மாட்டாரு சார். உங்களுக்குப் புத்திய குடுத்து உங்களயவே பாக்க வப்பாரு" என்றேன்.

டாக்டரம்மாகூடச் சிரித்தார். சார் சுண்டலை மட்டும் மூன்று பொட்டலம் வாங்கிக்கொண்டார். சுண்டலுக்குக் கொள்கை இல்லை என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். நாங்கள் வாசலைக் கூட்டி, பொரி கொட்டியதை அள்ளி, விடுமுறைக்குக் கலைந்துபோனோம்.

விடுமுறை முடிந்து வந்ததும் பாப்பா சோதனையைத் தொடங்கியது. அடுத்த வாரம் வெளியூரிலிருந்து பெரியவர்கள் சிலர் வருவதாக இருந்தது. பிள்ளை இதுவரை செய்த வேலையை அவர்கள் முன்னால் சொல்லிக் காட்ட வேண்டும். சரியென்று பட்டால் மேலே தொடரலாம். இல்லையென்றால் ஒரு வருஷ வேலையைத் திரும்பத் தொடங்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு தடவை எல்லாவற்றையும் செய்து சரிபார்த்துக்கொள்ளலாம் என்றுதான் அது உட்கார்ந்தது.

வெறும் குழி மினுங்கியது.

முதல் தடவை கை தவறியிருக்கும் என்று நினைத்தது. புதுத் தட்டு எடுத்தது. திரும்பவும் மினுங்கியது. மறுநாளும் அதே கதை. நான் உலர்ந்த குடுவைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது, அது மிஷின் முன்னால் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தது. டிபன் பாக்ஸ் திறக்காமலே கிடந்தது.

என்ன பாப்பா என்று கேட்டதற்கு அது மெதுவாகச் சொன்னது. பொடி கெட்டுப்போய்விட்டது என்று நினைக்கிறதாம். கெட்ட சரக்கு கட்டி இல்லாத இடத்திலும் மினுங்கலாம். அது எப்போது கெட்டது என்று தெரியவில்லை என்பதுதான் அதன் பயம். இந்த வாரம் கெட்டதா, போன மாசமா, வந்த நாளிலிருந்தேவா? ஒரு வருஷமாக ஒரே பாட்டிலிலிருந்துதான் எடுத்து ஊற்றியிருக்கிறது. பாட்டில் பொய் என்றால் எல்லாம் பொய். அப்பா சந்தைக்குக் காய் கொண்டுபோகிறபோதெல்லாம் எம் பிள்ளை நோய்க்கு வழி கண்டுபிடிச்சுக்கிட்டு இருக்குன்னு சொல்லிவிட்டு வருவார், அவரிடம் என்ன சொல்வேன் என்றது.

பூஜைக்கு முன்னால் ஃபிரிட்ஜைத் துடைத்தது நான். அந்தப் பாட்டிலை ஃபாயில் தாளோடு எடுத்து ஐஸ் பெட்டிக்குள் வைத்து, துடைத்து முடித்ததும் அதே இடத்தில் வைத்தேன். தாள் பிரியவே இல்லை. எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் அப்படித்தான் நினைவு வந்தது. ஆனாலும் மனசு கேட்குமா? சார் வந்து, விடுமுறையில் கரண்டு போயிருக்குமோ, ஃபிரிட்ஜ் நின்றிருக்குமோ என்று ஆராய்ந்தார். அவரும் கலங்கித்தான் போயிருந்தார். பாப்பாவிடம் அவருக்குத் தனிப் பாசம். சொந்த மகள் வெளிநாட்டில் இருக்கிறாள், இந்தப் பிள்ளையை வேலைக்கு நடுவில் இரண்டு தடவையாவது சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுவார்.

அன்றைக்குச் சாயங்காலம் திருப்பரங்குன்றத்தில் இறங்கியதும் நான் வீட்டுக்குப் போகவில்லை. நேராகச் சன்னதிக்குப் போனேன். முருகா, அந்தப் பாட்டில் நல்ல பாட்டிலாக இருக்கட்டும், பௌர்ணமிக்கு வெறுங்காலோடு மலையைச் சுற்றி வாரேன் என்று வேண்டிக்கொண்டேன். பிள்ளை ஜெயிக்கட்டும் என்று வேண்டியிருக்கலாம். எனக்கு வாயில் வந்தது பாட்டில்தான். பக்கத்தில் நின்ற அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரர் குடிக்கிறவரா என்று விசாரித்தார். இல்லைம்மா, இது வேற பாட்டில் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

டாக்டரம்மா வெளியூர் போயிருந்தவர் மறுநாள்தான் வந்தார். பாப்பா எல்லாவற்றையும் ஒப்பித்தது. சார் கரண்டு கதையைச் சொன்னார். நான் கேட்காமலே ஃபாயில் தாள் கதையைச் சொன்னேன். அவர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆளாளுக்கு அந்தப் பாட்டிலத்தான திட்டுறீங்க. அதுகிட்ட கேட்டீங்களா?" என்றார். பிறகு பாப்பாவிடம், "பாட்டில ஃபிரிட்ஜ்லயே விடு. பொடியே இல்லாம, வெறும் தண்ணிய மட்டும் ஊத்தி உள்ள தள்ளு" என்றார்.

பாப்பா ஒரு நிமிஷம் அப்படியே நின்றது. பிறகு ஓடியது. வெறும் தண்ணீரைக் குழி குழியாக ஊற்றி மிஷினுக்குள் தள்ளியது. நாங்கள் மூன்று பேரும் பின்னால் நின்றோம். எனக்கு அந்த எண்களைப் படிக்கத் தெரியாது. பாப்பாவின் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது திடீரென்று இறங்கியது, சுமை இறக்கிவைத்த மாதிரி.

"மினுங்குது மேடம். வெறும் தண்ணியே மினுங்குது."

பொடியே போடாமல் மினுங்குகிறது என்றால் குற்றம் பொடியில் இல்லை. இவ்வளவு எளிய விஷயம். நான் அங்கேயே முருகனுக்கு நன்றி சொல்லிவிட்டேன். ஆனால் அப்போது மினுங்குவது எது? தண்ணீரை மாற்றினார்கள், மினுங்கியது. தட்டை மாற்றினார்கள், மினுங்கியது. பக்கத்து மேசைப் பிப்பெட்டை எடுத்து ஊற்றியதும் குழியெல்லாம் இருட்டாகிவிட்டது. அப்படியானால் கள்ளன் பாப்பாவின் பிப்பெட்.

அந்தப் பேச்சைக் கேட்டதும் சார் டீ குடித்துவிட்டு வருவதாகக் கிளம்பினார்.

"இருங்க சார், எல்லாரும் சேந்தே குடிப்போம்" என்றார் டாக்டரம்மா. "இருட்டு அறைக்கு வாங்க."

இருட்டு அறையில் ஊதா வெளிச்சம் அடிக்கிற விளக்கு ஒன்று இருக்கிறது. அதை நேராகக் கண்ணால் பார்க்கக் கூடாது. கண்ணாடி ஒன்றை எனக்கும் மாட்டிவிட்டார்கள். கதவைச் சாத்தினார்கள். பிப்பெட்டை விளக்குக்குக் கீழே வைத்ததும், முனை மாட்டுகிற அந்தக் கூம்பு முழுக்க மின்மினிப் பூச்சி அப்பிய மாதிரி மஞ்சளும் பச்சையுமாக எரிந்தது. வெளிச்சத்தில் பார்த்தபோது அது பால் போல வெள்ளையாகத்தானே இருந்தது?

"கொஞ்சம் கையக் காட்டுங்க எல்லாரும்" என்றார் டாக்டரம்மா.

பாப்பாவின் கை ஒன்றும் காட்டவில்லை. நான் என் கையை நீட்டினேன். நகக்கண், ரேகை, விரல் இடுக்கு, எல்லாம் மினுங்கியது. காலையில் மஞ்சள் பூசிக் குளித்த கை. கழுத்தில் கிடந்த தாலிக்கயிறு திருவிழா சீரியல் பல்பு மாதிரி எரிந்தது. அப்போதுதான் மினுங்குவது என்ன சரக்கு என்று எனக்கே விளங்கியது. ஐயோ, நான்தானா என்று சுவரில் சாய்ந்துவிட்டேன்.

"பயப்படாதம்மா" என்றார் அவர். "நீ ஒரு நாளும் பிப்பெட்டத் தொட்டதில்ல. பூஜத் தட்டுல பாப்பாதான் வச்சா, பாப்பாதான் எடுத்தா. அது எனக்குத் தெரியும்." பிறகு குரல் கொஞ்சம் மாறியது. "சார், நீங்க ஏன் கதவுகிட்டயே நிக்கிறீங்க?"

சார் கையை நீட்டினார். கை சுத்தம். வேண்டுமென்றால் இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள் என்பது போலத் திருப்பியும் காட்டினார். ஆனால் அவர் போட்டிருந்த வெள்ளைக் கோட்டு, விடுமுறை முழுக்க அங்கேயே ஆணியில் தொங்கிய கோட்டு, அதன் பாக்கெட் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் தடம் தனியாக நின்று மினுங்கியது. ரேகைகூடத் தெரிந்தது.

பாப்பாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தது, முடியவில்லை.

சார் தொண்டையைச் செருமினார். "பிள்ள அடுத்த வாரம் பெரிய ஆளுங்க முன்னாடி நிக்கப் போகுது... எல்லாரும் அந்தப் பக்கம் பொரிப் பங்கு வாங்கப் போயிட்டீங்க. அக்கா பிடிச்ச பிள்ளையார் சும்மாதான உக்காந்திருந்தாரு. எதுக்கும் இருக்கட்டுமேன்னு ஒரு கிள்ளு எடுத்து பிப்பெட்டுல பொட்டா வச்சேன்."

"சாமி இல்லன்னு சொன்னீக?" என்றேன்.

"எனக்கு இல்ல அக்கா. பிள்ளைக்கு இருந்துட்டுப் போகட்டும்."

டாக்டரம்மாவுக்குக் கோபம் வருமா சிரிப்பு வருமா என்று இருட்டில் தெரியவில்லை. பொட்டு வைத்தவர், கட்டளை ஞாபகம் வந்து பயந்துபோய், உடனே ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து நன்றாகத் துடைத்துவிட்டாராம். கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது, சுத்தமாகிவிட்டது என்று நிம்மதியாகச் சுண்டல் சாப்பிட்டிருக்கிறார். அங்கேதான் வினை. மஞ்சளில் இருக்கிற அந்த மினுங்குகிற சரக்கு தண்ணீரில் அவ்வளவாகக் கரையாதாம். ஸ்பிரிட்டில் சர்க்கரைப் பாகு போலக் கரையுமாம். ஓர் இடத்தில் பொட்டாக இருந்ததை இவர் கூம்பு முழுக்க மெழுகிவிட்டார். முனை மாட்டும்போதெல்லாம் அது கொஞ்சம் கொஞ்சமாக முனைக்குள் போய், ஊற்றுகிற தண்ணீரோடு குழியில் விழுந்திருக்கிறது.

மஞ்சளைப் பற்றி டாக்டரம்மா அன்றைக்கு ஒன்று சொன்னார். ஆராய்ச்சிக்காரர்களை மஞ்சள் நிறைய ஏமாற்றியிருக்கிறதாம். எந்தச் சோதனையில் போட்டாலும் தானே மினுங்கும், எல்லாவற்றிலும் போய் ஒட்டும், பார்க்கிறவர்கள் ஆகா, மருந்து வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்வார்களாம். "விசேஷ வீட்ல சில பேரு இருப்பாங்கள்ல, எந்தப் போட்டோ எடுத்தாலும் முன்னால வந்து நிப்பாங்க. அது மாதிரி" என்றார். எனக்கு என் நாத்தனார் ஞாபகம் வந்தது. அதற்காக மஞ்சள் மேல் எனக்கு மதிப்பு குறையவில்லை. சமையலுக்கும் சாமிக்கும் அது வேண்டும். அந்தக் குழிக்கு மட்டும் வேண்டாம்.

பிப்பெட்டைக் கழற்றி, ஒவ்வொரு பாகமாக ஊறவைத்து, அலசி, விளக்கில் காட்டி, திரும்பவும் அலசினார்கள். கழற்றியது சார். அலசியதும் சார். பக்கத்தில் யாரையும் விடவில்லை. முடித்துப் பூட்டிக் கொடுத்ததும் பாப்பா ஃபிரிட்ஜிலிருந்து ஃபாயில் சுற்றிய பாட்டிலை எடுத்தது. பழையபடி எல்லாவற்றையும் ஊற்றியது. இந்தத் தடவை என்னையும் மிஷின் பக்கத்தில் கூப்பிட்டு, திரையில் ஒரு வரிசையை விரலால் காட்டியது.

"அக்கா, இங்க பாருங்க. வெறும் குழி. இருட்டு."

மற்ற குழிகளில் கட்டி விழுந்த இடம் நன்றாக மினுங்கியது. பாப்பா தேடிய பொருளைப் போட்ட குழிகளில் மினுக்கம் குறைந்திருந்தது. முன்பு ஒரு வருஷமாக வந்த கணக்கோடு அது ஒத்துப்போனது. பாட்டில் நல்ல பாட்டில்தான். நாம் விளக்கேற்றுவதெல்லாம் இருட்டு போகட்டும் என்றுதான். அன்றைக்கு நான் அந்த இருட்டு வரிசையைப் பார்த்து மனசாரக் கும்பிட்டேன். வெளிச்சம் இருக்க வேண்டிய இடத்தில் வெளிச்சம், இருட்டு இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு. அதுவும் அவன் போட்ட ஒழுங்குதானே.

பெரியவர்கள் வந்த அன்று நான் டீ கொண்டுபோகிற சாக்கில் கதவோரம் நின்றேன். அவர்கள் பேசியது முக்கால்வாசி இங்கிலீஷ். ஒருவர் மட்டும் கண்ணாடிக்கு மேலே பார்த்து, இந்தப் பொடி காட்டுகிற வெளிச்சம் உண்மை என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாராம். பாப்பா அசரவில்லை. மஞ்சள் பிள்ளையார் கதையை முதலிலிருந்து சொல்லியிருக்கிறது, ஊதா வெளிச்சத்தில் எடுத்த பிப்பெட் படத்தையும் போட்டுக் காட்டியிருக்கிறது. யார் பொட்டு வைத்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த சார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொடர்ந்து செய்யலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பாப்பா வெளியே வந்து முதலில் அப்பாவுக்குப் போன் போட்டது. அவர் சந்தையில் இருந்தார் போல, எடைக்கல் சத்தத்துக்கும் பேரத்துக்கும் நடுவே அவர் திரும்பத் திரும்பக் கேட்டது எனக்கே காதில் விழுந்தது: "இருட்டா இருந்துச்சா? இருட்டா இருந்தா நல்லதா? சரித்தா."

பௌர்ணமிக்கு மலையைச் சுற்றினேன். வெறுங்காலில் சரளைக்கல் குத்தியது; முழங்கால் தன் கதையைச் சொன்னது. கண்டக்டர் வீட்டம்மாவும் கூட வந்தார். பாப்பாவின் ஆராய்ச்சியைப் பற்றி எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். எம்புட்டு நாளாகும் மருந்து வர என்று கேட்டார். நாளாகும்க்கா, இவுக செய்யிறது மருந்து இல்ல, மருந்துக்கு வழி பாக்குற ஆயுதம் என்றேன். அவர், வழி பாக்கிறதுக்கு ஆள் இருக்குன்னு தெரிஞ்சாப் போதும் என்றார்.

மறுநாள் விபூதிப் பொட்டலம் கொண்டுபோனேன். டாக்டரம்மாவின் புதுக் கட்டளைப்படி, முதலில் அதை இருட்டு அறைக்குக் கொண்டுபோய் விளக்கில் காட்டினோம். மினுங்கவில்லை. பாஸ் என்றார் அவர். அடுத்த வருஷம் பிள்ளையாரை வெல்லத்தில் பிடிக்கலாமா என்று நான் கேட்டதற்கு, எறும்பு வரும், யோசிப்போம் என்றிருக்கிறார். பாப்பா நெற்றியில் கீற்றாக இட்டுக்கொண்டது.

நான் குழாயடியில் நின்று குடுவை கழுவிக்கொண்டிருந்தபோது சார் வந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"உங்களுக்கா சார்?"

"பிள்ளைக்குத்தான். அது வச்சது அழிஞ்சிருச்சின்னா..."

ஒரு சிட்டிகை கொடுத்தேன். வாங்கித் தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். விரலில் ஒட்டியிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அலமாரியில் ஸ்பிரிட் பாட்டில் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அதைத் தொடவில்லை. என்னை நகரச் சொல்லிவிட்டு, முருகன் படத்துக்குக் கீழே நின்று, சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் நிதானமாகக் கழுவினார்.